எதிர் பிளாட் பெண்ணின் கேலக்ஸி

காலை ஏழு மணி ஐந்து நிமிடம். போன வருஷம் ஒரு சனிக்கிழமை. சேலையூரில் எங்கள் அடுக்குமாடி வாசலில் கால் டாக்ஸி பத்து நிமிடம் முன்னதாகவே வந்து நின்றது. என் புத்தி கெட்டது அப்போதுதான்.

பொத்தேரியில் ஒரு கல்லூரியில் அறிவியல் கண்காட்சி. ஒன்பதாம் வகுப்பில் என் மகளையும் எதிர் பிளாட் பெண்ணையும் தேர்ந்தெடுத்திருந்தார்கள். எங்கே போனாலும் இரண்டு வீட்டுக்கும் ஒரே வண்டிதான், அது எங்கள் வழக்கம். அவள் அம்மா நர்ஸ். "அக்கா, நாளைக்கு எனக்கு மார்னிங் ட்யூட்டி. ரெண்டு பேரையும் நீங்களே கூட்டிட்டுப் போயிடுங்க" என்று முதல் நாளே சொல்லியிருந்தாள். சரி என்றிருந்தேன்.

மகளின் மாடல் சுருள் கேலக்ஸி. ஜிகினா, சின்ன பல்பு எல்லாம் வைத்து மூன்று நாள் உட்கார்ந்து செய்தது, உண்மையைச் சொன்னால், நான். எதிர் பிளாட் பெண்ணுடையதோ பழுப்புப் பஞ்சில் ஒரு பெரிய முட்டை, சுற்றிலும் தெர்மாகோல் உருண்டைகள். அதுவும் ஒரு வகை கேலக்ஸிதானாம். ஆனால் அவள் பேச ஆரம்பித்தால் நம் கண் அதை விட்டு நகராது. "கேலக்ஸி கூட்டத்துக்கு நடுவுல இருக்கறது இதுதான் ஆன்ட்டி. பக்கத்துல வர்ற சின்னதையெல்லாம் முழுங்கி முழுங்கியே இவ்ளோ பெரிசாச்சு. ஆனா உள்ள எல்லாம் வயசான நட்சத்திரம். புதுசா பிறக்கறது ரொம்ப கம்மி." பள்ளியில் அதற்குத்தான் கைதட்டல். என் மகளே வீட்டுக்கு வந்து, "அவளோடதுதாம்மா செம" என்றாள். எனக்கு வயிறு எரிந்தது.

அன்று மகளை அவசரமாக ஏற்றினேன். "அவ வரலையா?" என்றாள். "அவங்க அம்மா கூட்டிட்டு வர்றாங்களாம்" என்றேன். முன் இருக்கை காலியாகவே கிடந்தது.

பெருங்களத்தூர் தாண்டும்போது போன் அடித்தது. அந்தப் பெண்தான். சத்தத்தை அணைத்துவிட்டு மடியில் கவிழ்த்தேன். மறுபடி இருமுறை அதிர்ந்து நின்றுவிட்டது.

ஒன்பது மணிக்கு டீச்சர் அவளைக் கேட்டார். மகள் என்னைப் பார்த்தாள். வெளியே வந்து கூப்பிட்டேன், சுவிட்ச் ஆஃப். அவள் அம்மா எடுக்கவில்லை. எங்கள் வாட்ச்மேனுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "பாப்பா கீழயே நின்னுகினு இருந்துச்சு மேடம். அப்பால அந்தப் பெரிய பொம்மைய தூக்கிகினு ஸ்டேஷனுக்குப் போச்சு" என்றார்.

இரண்டு கையிலும் மாடலோடு, தாம்பரம் ஸ்டேஷன் நெரிசலில், பதினாலு வயசுப் பெண். அந்தப் பயத்துக்கு நடுவிலும், அவள் வராவிட்டால் பரிசு நமக்குத்தான் என்று ஒரு நொடி தோன்றியது. அந்த நொடியை நினைத்தால் இன்றும் எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

நடுவர்கள் வர வேண்டிய பத்து மணி. வாசலில் மீன்கூடையோடு ஓர் அம்மா. கூடையின் மூடிமேல் அந்தப் பெரிய முட்டை, ஓர் உருண்டைகூட உதிராமல். பக்கத்தில் வியர்த்து வழிந்துகொண்டு எதிர் பிளாட் பெண்.

"இன்னாம்மா, நீதான் இட்டுகினு வர்றேன்னு சொன்ன ஆன்ட்டியா? புள்ள ரயில் படியில தடுமாறிச்சு, நான்தான் புட்ச்சேன். இம்மாம் பெரிய முட்டைய கையில குட்த்துட்டு தனியா வுடுவாங்களா?" என்றார் அந்த அம்மா. என் மகள் ஓடிப்போய்க் கூடையிலிருந்து அதை இறக்கினாள். மீன் வாசம் வீசியது.

அந்தப் பெண் நேரே என்னிடம் வந்து கையைப் பிடித்தாள். "நீங்க போனே எடுக்கல. வழியில உங்களுக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு பயந்துட்டேன் ஆன்ட்டி. எனக்கு சார்ஜ் வேற போயிடுச்சு."

டாக்ஸி முன்னாடியே வந்துவிட்டது என்று மட்டும்தான் அவள் அம்மாவிடம் சொன்னேன். மீதியைச் சொல்லும் தைரியம், எதிர்க் கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும், எனக்கு இன்னும் வரவில்லை.