ஏழுமலை ஒப்புக்கொள்ளாத கூடு

பூந்தமல்லிக்குச் சற்று முன்னால், மெட்ரோ வேலைக்காகச் சாலையைப் பாதி அடைத்திருந்த இடத்தில் என் பேருந்து நகராமல் நின்றுகொண்டிருந்தபோது ஏழுமலை சாரின் மனைவி சரளாவின் போன் வந்தது. "அக்கா, அவரு போய்ட்டாருக்கா" என்றாள். பக்கத்து இருக்கைப் பெண்மணி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாரும்மா?" என்றார். கூட வேலை பார்த்தவர் என்றேன். இத்தனை வருடம் எதிர் மேசையில் உட்கார்ந்து என்னோடு சண்டை போட்ட மனிதரைச் சொல்ல வேறு வார்த்தை வாயில் வரவில்லை.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எங்கள் சின்ன ஆய்வகத்துக்கு வந்துபோன உங்கள் எல்லோருக்கும் ஏழுமலையைத் தெரியும். ஆழ்துளைகளில் எடுத்த பாறைத் துண்டுகள் எங்களிடம் வரும். அமிலத்தில் கரைத்தால், என்றோ கடலில் வாழ்ந்து அழிந்துபோன உயிர்களின் நுண்ணிய கூடுகள் மிஞ்சும். அவற்றை வைத்துப் பாறையின் வயதைச் சொல்வோம். அவற்றில் ஒரு கூட்டம் எந்த உயிரின் மிச்சம் என்று யாருக்கும் தெரியாது. பாசியாக இருக்கலாம், ஏதோ பிராணியின் முட்டையாக இருக்கலாம். அக்ரிடார்க் என்று ஒரு பொதுப்பெயர் வைத்து ஒதுக்கியிருக்கிறார்கள். எங்கள் பிழைப்பு பெரும்பாலும் அந்தக் கூட்டத்தோடுதான். இருவரும் தனித்தனியாகப் பார்ப்போம். இருவரும் ஒன்றையே சொன்னால்தான் ஸ்லைடில் பெயர் எழுதலாம். இந்த விதியை வைத்தவர் அவர்.

ஆயுத பூஜைக்குத் தொழிற்பேட்டையில் லேத் மெஷினுக்கு நடக்கிற மரியாதையெல்லாம் எங்கள் மைக்ராஸ்கோப்புக்கும் நடக்கும். சந்தனம், குங்குமம், பூ, பொரி. ஒரு வருடம் பூஜை விடுமுறை முடிந்து வந்து முதல் ஸ்லைடைப் பார்த்த ஏழுமலை நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். உருண்டையாக, உடம்பெல்லாம் முள்ளோடு, நாங்கள் பார்த்தேயிராத பெரிய அளவில் ஒன்று. நானும் பார்த்தேன். புதுசுதான் என்றேன். எங்களுக்குள் சண்டையே இல்லாமல் முடிந்த காலை அது. என்ன பெயர் வைக்கலாம் என்றுகூடப் பேச ஆரம்பித்துவிட்டோம். மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போதுதான் மைக்ராஸ்கோப்பின் கழுத்தில் வாடித் தொங்கிய செம்பருத்தி அவர் கண்ணில் பட்டது. மூடாமல் உலர வைத்திருந்த ஸ்லைடில் அதன் மகரந்தம் கொட்டியிருக்கிறது. கல்லூரிப் பிள்ளைகள்கூடக் கண்டுபிடித்துவிடுவார்கள். "ரெண்டு பேரும் ஒண்ணா சொன்னா கரெக்டுன்னு எவன் மேடம் சொன்னான்?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சாயங்காலத்துக்குள் டீக்கடை வரைக்கும் அவரே போய்ச் சொல்லியும் விட்டார்.

எங்கள் பெரிய சண்டை எதைப் பற்றி என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். குட்டிக் குடுவை போல் ஒரு கூடு. ஒரு பக்கம் மூடியைத் திறந்த மாதிரி இருக்கும். நான் பாசி என்பேன். அது திறந்துகொண்ட விதத்தைக் காட்டித் தொண்டை வறளப் பேசுவேன். முழுதும் கேட்டுக்கொண்டு, "இல்ல மேடம்" என்பார்.

"அப்ப என்னன்னு நீங்களே சொல்லுங்க சார்."

"தெரில. தெரிலன்னா தெரிலன்னு எழுதணும். அதுல இன்னா கேவலம் கீது?"

பெற்றவர் யாரென்று தெரியாத குழந்தையைக் கண்டவர் கையில் பிடித்துக் கொடுக்க முடியுமா என்பது அவர் கட்சி. நான் ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். பிளாக் நம்பரும் கதவு நம்பரும் இல்லாத எதுவும் எனக்கு ஒப்பாது. அதனால் அந்தக் கூடு வருடக்கணக்கில் பெயரில்லாமலே கிடந்தது.

அவர் உடம்புக்கு முடியாமல் மண்ணூர்பேட்டை வீட்டில் படுத்திருந்தபோது பார்க்கப் போனேன். ஆய்வகத்தின் சேகரிப்பு முழுவதையும் ஓர் அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பதாக முடிவாகியிருந்தது. அந்த ஒன்றை மட்டும் தீர்த்தாக வேண்டும். புதிதாக எடுத்த படங்களைக் கொண்டுபோயிருந்தேன். கையில் வாங்கிக்கொண்டார், பார்க்கவில்லை.

"நீங்க சொன்னதே இருக்கட்டும் மேடம். பாசின்னே எழுதிடுங்க."

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. "படத்தப் பாருங்க சார். பார்க்காம சொல்லாதீங்க."

"எவ்ளோ நாளு இத்தயே இஸ்துகினு கீறது? நீங்களே ஜெயிச்சதா இருக்கட்டும்."

சரளா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவர் விட்டுக்கொடுத்துப் பார்த்தவர்கள் நாங்கள் இரண்டு பேருமே இல்லை. அவள் போட்ட காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

காரியம் முடிந்த மறுநாள் ஆய்வகத்துக்குப் போய் அந்த ஸ்லைடை வைத்துப் பார்த்தேன். இன்றைக்கும் எனக்கு அது பாசியாகத்தான் தெரிகிறது. எழுதினால் தடுக்க ஆளில்லை. அவருடைய சம்மதமும் இருக்கிறது. பேனாவைத் திறந்துகொண்டு, "பாசிதானே சார்?" என்று வாய்விட்டே கேட்டேன். பக்கத்துப் பட்டறையில் லேத் ஓடிக்கொண்டிருந்தது. சற்று நேரம் பொறுத்து, 'தெரியவில்லை' என்று எழுதி, கீழே எங்கள் இருவர் பெயரையும் போட்டு அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டேன்.

அவர் உங்களிடம் சொன்னவை எத்தனையோ இருக்கும், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்த 'இல்ல மேடம்' போதும். கடைசியாகச் சொன்ன 'இருக்கட்டும்' எனக்கு வேண்டாம், ஏழுமலை சார். ஒரே ஒரு தடவை வந்து, நான் சொல்வது தப்பு என்று சொல்லிவிட்டுப் போங்களேன்.