புகையில்லாத அடுப்பு

எங்கள் வீட்டுக்குக் கரண்டு அடுப்பு வந்த அன்று எனக்குச் சோறே இறங்கவில்லை. திருமயம் பக்கத்துக் கிராமம். விளக்கு எரிந்ததே பெரிய அதிசயம். பினாங்கில் கடை வைத்திருந்த அண்ணன், புதுப் பெண்டாட்டிக்கென்று கொண்டுவந்திருந்தான். விறகு வேண்டாம், ஊத வேண்டாம், புகை என்ற பேச்சே கிடையாது! பள்ளிக்கூடத்தில் பாதிப் பேரை வேடிக்கை பார்க்க வரச் சொல்லிவிட்டேன்.

எங்களவர்களில் கல்யாணமான மகனை ‘வேறு வைப்பார்கள்’. வீடு ஒன்றுதான், சமையல் மட்டும் தனி; புருஷன் ஊரில் இல்லாவிட்டாலும் மருமகள் தனியே பொங்கித் தனியே சாப்பிட வேண்டும். அண்ணி தன் அடுப்பில் முதல் பால் காய்ச்ச வேண்டிய நாள் அது. நல்ல நேரம் தப்பினால், அந்த வாரமே கப்பலேறவிருந்த அண்ணன் திரும்பும்வரை தள்ளிப்போட வேண்டியதுதான், அதுவரை அவள் நம்மோடேயே சாப்பிடட்டும் என்று என்னைப் பெற்ற ஆத்தா சொல்லியிருந்தாள்.

பால் சட்டியை வைத்து அண்ணன் சுவிட்சைப் போட்டான். சுருள் கம்பி சிவக்கவே இல்லை. எனக்கு அழுகை முட்டியது. வாசலில் என் கூட்டாளிகள் வேறு! அண்ணன் பியூஸைப் பிடுங்கிப் பார்த்தான், நன்றாயிருந்தது. அடுப்பின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதே துளையில் மேசை விளக்கைச் செருகினான், பளிச்சென்று எரிந்தது.

“கரண்டு வருது. கோளாறு அடுப்புலதான்” என்றான்.

பால் சட்டியை இறக்கி வைத்துவிட்டு அடுப்பைக் கவிழ்த்தான். அடியில் ஒரு வயர் திருகாணியை விட்டு விலகித் தொங்கியது. முந்தின நாள் சோதித்தபோது தணலாய்ச் சிவந்த அடுப்பு! யார் கை வைத்தது என்று கேட்டான். அண்ணி தலை நிமிரவில்லை.

“நாந்தாங்க தொடச்சேன். அப்பத் தளந்திருக்கும்.”

முடுக்கலாமென்றால் திருப்புளியைக் காணோம். இப்போதுதான் இங்கிட்டு வைத்தேன் என்று அண்ணன் கத்த, ஆளுக்கொரு பக்கம் தேடினோம். நான்தான் கண்டெடுத்தேன், அண்ணியின் அஞ்சறைப்பெட்டிக்குள், கடுகோடு கடுகாக! அன்று என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை. நான் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னேன்.

அண்ணன் முடுக்கினான். கம்பி சிவந்தது. நல்ல நேரம் முடியுமுன் பால் நுரைத்துப் பொங்கியது. எங்கள் வழக்கப்படி ஆத்தா சங்கு ஊதினாள். நான் குதித்த குதியில் கொலுசு கழன்று விழுந்தது. அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன்.

“ஒண்ணுமில்ல. புகை.”

சரிதான் என்று நம்பி, கூட்டாளிகளைக் கூப்பிட வாசலுக்கு ஓடினேன். ஓடிப்போய் அவர்களிடம் முதலில் சொன்னதே, “எங்க அடுப்புல புகையே வராது, தெரியுமா?” என்பதுதான்.