யாருடைய உதடு?

அவரை எல்லோரும் 'டச்சப்' என்றுதான் கூப்பிடுவார்கள். கடைத்தெருவில் மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிக் கிடக்கும் ஸ்டூடியோ அவருடையது. பருவோ தழும்போ கருவளையமோ, அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் போதும், இருந்த இடம் தெரியாமல் போய்விடும்.

"உங்ககிட்ட போட்டோ எடுத்தப்புறம் வீட்டுக் கண்ணாடியைப் பாக்கவே பிடிக்கல டச்சப்!" என்று வாடிக்கையாளர்கள் கேலி செய்வார்கள். அவருக்கு உள்ளூரப் பெருமைதான்.

கல்யாணமாகி ஒன்பதாம் வருடம் பெண் பிறந்தாள். நர்ஸ் துணியை விலக்கிக் காட்டினார். குழந்தையின் மேல் உதடு மூக்கு வரை பிளந்திருந்தது.

"உதட்டுப் பிளவு. பயப்படாதீங்க. மூணு மாசம் போகட்டும், எடை ஏறட்டும், ஆபரேஷன் பண்ணித் தச்சிடலாம்" என்றார் டாக்டர்.

அதற்குள் டச்சப்பின் கைபேசி அடித்தது. வெளியூரிலிருந்து அக்கா. "மருமகளோட படத்தை அனுப்புடா, கண்ணு பூத்துப் போச்சு!"

அன்று மாலையே அனுப்பினார். அதற்கு முன், எல்லோருக்கும் செய்வதைத் தன் மகளுக்கும் செய்தார். வேறொரு குழந்தையின் உதட்டை எடுத்துக் கச்சிதமாகப் பொருத்தினார். கடைக்கு வருகிறவர்கள் எட்டிப் பார்த்துவிடுவார்களோ என்று அசல் படத்தை அழித்தும் விட்டார்.

மூன்று மாதமும் இதே கதைதான். உறிஞ்சத் தெரியாத அந்த வாய்க்கு, மனைவி மடியில் நிமிர்த்தி வைத்துச் சொட்டுச் சொட்டாகப் பால் புகட்டினாள். புகட்டியதில் பாதி பிளவு வழியே வழியும். துடைத்துவிட்டு மறுபடி புகட்டுவாள். அவரோ வாரம் ஒரு படம் எடுத்தார், திருத்தினார், அனுப்பினார், அசலை அழித்தார். அவர் படம் எடுப்பதை மட்டும் பார்த்தவள், மகள்மேல் எவ்வளவு ஆசை என்று பூரித்துப்போனாள்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் காலை. சொல்லாமல் கொள்ளாமல் ஊரிலிருந்து வந்த அக்கா, வீடு பூட்டியிருக்கப் பக்கத்து வீட்டில் விசாரித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே வந்து நின்றாள். கட்டிலில் கிடந்த குழந்தையைப் பார்த்தாள், பிறகு சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"எங்கம்மா எம் மருமக?"

"இவதான் அண்ணி."

"விளையாடாதே. நான் பாத்த குழந்தை இது இல்லியே!" என்று அக்கா கைபேசியை நீட்டினாள்.

மனைவி ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தாள். அழவில்லை. கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார்.

"யாரு உதடுங்க இது?"

"கடைக்கு வந்த... ஒரு குழந்தையோடது."

"சரி. இவளோடத காட்டுங்க."

அவர் கைபேசியை எடுத்தார், திறக்காமலே மறுபடி சட்டைப்பையில் வைத்தார்.

"ஒண்ணுகூடவா வைக்கல?"

"ஏன்டா, நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்? எனக்கு எதுக்குடா பொய்ப் படம்?" என்றாள் அக்கா. குரல் உடைந்திருந்தது.

மனைவி மெதுவாகச் சொன்னாள்: "நாளைக்குத் தச்சிடுவாங்க. நல்லதுதான். ஆனா இந்த உதட்டாலதான் என்னைப் பாத்து முதமுதல்ல சிரிச்சா. அது எனக்கு வேணும். போய் கேமரா எடுத்துட்டு வாங்க."

டச்சப் ஓடினார். கேமராவோடு வந்து கண்ணருகே வைத்தார். எத்தனையோ குழந்தைகளைச் சிரிக்க வைத்த மனிதருக்கு இன்று ஒரு குரலும் எழும்பவில்லை. அவசியமும் இல்லாமல் போயிற்று. அப்பாவின் முகத்தைக் கண்டதும் குழந்தை தானாகவே சிரித்தது. பிளவு அகன்று, இளஞ்சிவப்பு ஈறு தெரிய, முகம் முழுக்கச் சிரித்தது. இத்தனை நாளும் இதையா அழித்தேன் என்று நினைத்துக்கொண்டார். கை நடுங்க நடுங்கப் பொத்தானை அழுத்தினார். படம் கொஞ்சம் கலங்கித்தான் விழுந்தது.

"இன்னொண்ணு எடுக்கட்டுமா?"

"போதும்."

அவள் கேமராவை வாங்கினாள். உள்ளிருந்த மெமரி கார்டை உருவி, பால் துடைக்கும் கைக்குட்டையின் நுனியில் இறுக முடிந்துகொண்டாள்.

"நான் பிரிண்ட் போட்டுத் தரேன்" என்று சொல்ல நினைத்தார். அந்த முடிச்சைப் பார்த்ததும் காலிக் கேமராவை மட்டும் வாங்கிக்கொண்டார்.