ரத்தாகாத கச்சேரி

பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டு மாடி அறையில்தான் ஒத்திகை. பாட்டும் கிட்டாரும் நான். டிரம்ஸுக்கு ஒருவன், பேஸ் கிட்டாருக்கு ஒரு பெண். கீபோர்டு வாசித்தவன் என் பள்ளித் தோழன். ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்த்தான். நாங்கள் பாடியதெல்லாம் சொந்தப் பாட்டு. ஆனாலும் கேட்டவர்கள், "எண்பதுகள்ல வந்த பாட்டு மாதிரியே இருக்கு" என்பார்கள். அதற்குக் காரணம் அவன்தான். ஏதோ ஒரு மெல்லிசைக் குழு வேண்டாமென்று கழித்த பழைய கீபோர்டை வாங்கி, அவனே பழுதுபார்த்து வைத்திருந்தான்.

ஷிஃப்ட் காரணமாகப் பாதி ஒத்திகைக்கு வரமாட்டான். வந்தாலும் கண் சொருகும். மல்லேஸ்வரத்தில் ஒரு ஞாயிறு மாலை நிகழ்ச்சிக்கு எங்களை அழைத்தபோது, கல்லூரியில் படிக்கும் வேறொருவனை வாசிக்க வைக்கலாம் என்று மற்ற மூவரும் முடிவு செய்தோம். அதை அவனிடம் சொல்ல வேண்டியது நான்.

போன் செய்தேன். நான் வாய் திறப்பதற்குள் அவன், "மச்சா, சண்டே ஷிஃப்ட் மாத்திக்கிட்டேன்டா! சூப்பர்வைசர் கால்ல விழாத குறை" என்றான்.

"ஷோ கேன்சல்டா" என்றேன்.

"பரவால்ல விடு, வேற ஷோ வரும். நீ ஃபீல் பண்ணாத" என்று எனக்கு ஆறுதல் சொன்னான்.

நிகழ்ச்சி நன்றாகவே நடந்தது. மறுநாள் யாரோ வீடியோ போட்டுவிட்டார்கள். மதியம் அவனிடமிருந்து ஒரு வரி வந்தது: "ரெண்டாவது பாட்டு சூப்பர்." திட்டியிருந்தால் எனக்குச் சோறாவது இறங்கியிருக்கும்.

இரண்டு நாள் கழித்து ஹெப்பகோடிக்குப் பஸ் ஏறினேன். காலை ஷிஃப்ட் முடிந்து கேட்டுக்கு வெளியே வந்தவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"ப்ராக்டிஸுக்கு வர முடியலன்னு எனக்குத் தெரியாதா? நேரா சொல்லியிருந்தா நானே அந்தப் பையனுக்கு எல்லாம் காட்டிக் குடுத்திருப்பேன். பொய் எதுக்குடா?"

"பயம்."

"என்னப் பாத்தா?"

அவனே டீ வாங்கிக் கொடுத்தான். "திரும்ப வந்துடுடா" என்று கெஞ்சினேன். கிளாஸைப் பார்த்தபடி, வேண்டாம் என்று தலையாட்டினான்.

இப்போது பல ஊர்களிலிருந்து அழைப்பு வருகிறது. அவ்வப்போது சாலையில் பார்த்தால் அவன் நின்று பேசுவான், பாட்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும். எங்கள் பாட்டில் அந்த எண்பதுகளின் சத்தம் எங்கிருந்து வந்தது என்று பேட்டிகளில் கேட்கிறார்கள். ஒரு நண்பன் தந்தது என்கிறேன். அவர் ஏன் இப்போது வாசிப்பதில்லை என்றால், வேலை அதிகம் என்று சொல்லிவிடுகிறேன்.