ஒரு நிமிட அமைதியும் ஒரு பாத்திரம் பாலும்

அந்த அரசுப் பள்ளிக்கூடத்தில் எண்ணூறு பிள்ளைகள், இருபத்தாறு ஆசிரியர்கள், ஒரே ஒரு மணியக்கா. மணியடிப்பதும் மைக்செட்டைப் பார்த்துக்கொள்வதும் ஆசிரியர்களுக்கு டீ போடுவதும் அவள் வேலை. அலுவலகத்தை ஒட்டிய சின்ன அறையில் மணிக்கயிறு, மைக், அடுப்பு மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. பத்தொன்பது வருடமாகத் தற்காலிகப் பணியாளர். தலை நரைத்த பிறகும் தற்காலிகம்தான்.

அந்த அறையின் சுவர்க்கடிகாரம் எந்தக் காலத்திலோ எட்டேகாலில் நின்றுவிட்டது. மணியக்கா அதைச் சட்டை செய்யவில்லை. காலையில் பிள்ளைகள் பாடும் பிரார்த்தனைப் பாட்டுதான் அவளுக்குக் கடிகாரம். நாலு சரணம், நாலு நிமிடம். முதல் வரிக்குப் பாலை அடுப்பில் வைப்பாள், கடைசி வரிக்குப் பால் பொங்கி வரும். ஒரு கை பாத்திரத்தை இறக்கும், மறு கை மணியை இழுக்கும். பாட்டின் அர்த்தத்தை அவள் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. மெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு தனக்கு வேண்டிய சொற்களைப் போட்டு முணுமுணுப்பாள். கடவுளோடு அவளுக்குப் பகையும் இல்லை, பெரிய பழக்கமும் இல்லை.

அந்த வருடம் பெற்றோர் கூட்டத்தில் மருந்துக்கடைக்காரர் எழுந்து வாயைத் திறந்தார். வந்தது வினை!

"அரசுப் பள்ளிக்கூடத்துல பிரார்த்தனை எதுக்குங்க? கும்பிடறவங்க வீட்ல கும்பிடட்டும்."

தையல்கடைக்காரர் துள்ளி எழுந்தார். "கடவுள நினைக்காத பிள்ளை எப்படிய்யா உருப்படும்?"

இருவரும் சம்பந்திகள் என்பதுதான் இதில் வேடிக்கை. ஒரே பேத்திக்கு இரண்டு தாத்தாக்கள். இரண்டாம் வகுப்பில் அவள் முதல் வரிசை. சண்டை முற்றி, ஒருவர் வாசலில் மற்றவர் கால் வைப்பதில்லை என்றானது. ஊரும் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து தொண்டை வற்றக் கத்தியது.

கடைசியில் கல்வி அதிகாரி உத்தரவு போட்டார். பாட்டு கிடையாது, ஒரு நிமிட அமைதி. வேண்டியவர்கள் மனசுக்குள் வேண்டிக்கொள்ளலாம், மற்றவர்கள் காக்கையை எண்ணலாம். மைக்கில் யாராவது பிரார்த்தனை நடத்தினால் வேலை போகும். திங்கட்கிழமை அவரே நேரில் வருகிறார். மணியக்காவை நிரந்தரமாக்கும் கோப்பும் அவர் பையிலேயே கையெழுத்துக்குக் காத்திருந்தது.

"அக்கா, மைக்ல 'ஒரு நிமிட அமைதி'ன்னு சொல்லுங்க. அப்புறம் ஒரே ஒரு நிமிஷம் வாய மூடிட்டு இருங்க, போதும்" என்று கையெடுத்துக் கும்பிட்டார் தலைமையாசிரியை.

ஆனால் அந்த ஒரு நிமிடத்தை எதை வைத்து அளப்பது?

"என் வாட்ச எடுத்துட்டுப் போயேன்" என்றார் பஸ் ஓட்டும் கணவர்.

"நீங்க பஸ்ஸ நேரத்துக்கு எடுக்கிற லட்சணம் ஊருக்கே தெரியும். அத நம்பினா பசங்க சாயங்காலம் வரைக்கும் கண்ண மூடிட்டு நிப்பாங்க."

திங்கட்கிழமை. மைதானத்தில் அதிகாரி வந்து நின்றார், என்ன நடக்கிறதென்று பார்க்க இரண்டு சம்பந்திகளும் ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். மணியக்கா பாலை முன்கூட்டியே வைத்தாள். மைக்கைப் பிடித்து, "ஒரு நிமிட அமைதி" என்றாள். எண்ணூறு ஜோடிக் கண்கள் மூடின. ஒரு சரணம் ஒரு நிமிடம் என்பது அவளுக்கு அத்துப்படி. மைக் பொத்தானை அணைக்க மறந்து, பழக்கதோஷத்தில் ஆரம்பித்துவிட்டாள். ஒலிபெருக்கி பழைய மெட்டில் பாடியது:

"பாலே பாலே, அவசரப்படாதே,
பாத்திரம் தாண்டி வழிந்துவிடாதே,
கேஸே கேஸே, தீர்ந்துவிடாதே,
கணக்கு சாருக்கு சக்கரை ஆகாதே!"

மணி அடித்தது. மைதானம் குலுங்கியது. சிரித்த சிரிப்பில் கணக்கு சாருக்குக் கண்ணாடியே கழன்று விழுந்தது.

"உத்தரவ மீறி பிரார்த்தனை பண்ணிட்டாங்க!" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"எது பிரார்த்தனை? எங்க மெட்டக் கிண்டல் பண்றாங்க!" என்றார் தையல்கடைக்காரர்.

ஆறு மாதத்தில் சம்பந்திகள் ஒத்துப்போனது ஒரே விஷயத்தில்தான்: இவளை விடக் கூடாது. அதிகாரியை முன்னால் விட்டு இருவரும் அந்தச் சின்ன அறைக்குள் நுழைந்தார்கள். மணியக்கா கையில் பால் பாத்திரத்தோடு நின்றாள். போச்சு, பத்தொன்பது வருடமும் போச்சு!

"உள்ளதச் சொல்லுங்க. நீங்க பண்ணது பிரார்த்தனையா, இல்லையா?" என்றார் அதிகாரி.

"தெரியலைங்க சார். பால் வழியக் கூடாதுன்னு தினம் கேக்கறேன். இதுவரைக்கும் ஒருநாளும் வழிஞ்சதில்ல."

அதிகாரி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அறுபது செகண்ட், துல்லியமா. வேலை நிரந்தரமாகணும்னு கேக்கலையா?"

"அது மெட்டுல அடங்கல சார்."

அதிகாரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடுப்படியிலேயே கோப்பை விரித்துக் கையெழுத்துப் போட்டார். டீ தம்ளர் வைத்த வட்டக்கறை அதில் இன்றும் இருக்கிறது. சம்பந்திகளுக்கும் ஆளுக்கொரு டீ. எதிரெதிரே நின்று குடித்தார்கள், வேறு வழி?

மறுநாள் மணியக்கா மைக்கை அணைத்தாள். மூன்று தடவை சரிபார்த்தாள். பால் அடுப்பில், வாயை இறுக்க மூடிக்கொண்டாள். நேரத்துக்கு என்ன செய்வது என்று தவிப்போடு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள்.

மைதானத்தில் சத்தமே இல்லை. கண்களை மூடிய எண்ணூறு பிள்ளைகளின் உதடுகளும் ஒரே தாளத்தில் அசைந்துகொண்டிருந்தன. முதல் வரிசையில் பேத்தி கணக்கு சார் வரிக்கு வந்திருந்தாள். பக்கத்தில் கணக்கு சாரும்தான்.

மணியக்காவுக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. அந்த உதடுகளைப் பார்த்தபடியே பாலை இறக்கினாள், மணியை இழுத்தாள். ஒரு சொட்டுகூட வழியவில்லை.