பார்த்தேன், சொல்ல மாட்டேன்

பாளையம்பட்டிக்கு வெளியே இருந்த நூல் மில்லில் அக்காவும் நானும் வேலை பார்த்தோம். அப்பா இறந்த வருஷம் அக்கா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அங்கே சேர்ந்தாள். நூலைச் சிட்டம் சிட்டமாகச் சுற்றுகிற ரீலிங் பிரிவில் வேலை. நான் பத்தாவது முடித்ததும் என்னையும் கூட்டிக்கொண்டு போய்த் தன் பக்கத்து மெஷினில் நிறுத்தினாள். ஷிப்டு முடிந்து வெளியே வரும்போது தலைமுடி, இமை, காது மடல் எல்லாம் பஞ்சாக இருக்கும். அவள் வழியெல்லாம் இருமிக்கொண்டே வருவாள்.

ஞாயிற்றுக்கிழமை அதே அக்கா கோயிலில் முன்வரிசையில் நின்று பாட்டை எடுத்துக் கொடுப்பாள். மில் சங்கத்தின் கமிட்டியில் இருந்த ஒரே பெண்ணும் அவள்தான். சங்கத்துக்குச் சிவப்புக் கொடி. கோயிலுக்குச் சிலுவை. இரண்டுக்கும் ஒருத்தியே போவதில் யாரும் அப்போது தப்புக் கண்டதாக எனக்கு நினைவில்லை. சங்கச் செயலாளர் கிறிஸ்துமஸ் அன்று வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். மில் மேனேஜர் எங்கள் சபையின் கமிட்டியில் இருந்தார். கோயில் வாசலில் பார்த்தால் அம்மாவிடம் நின்று நலம் விசாரிப்பார்.

எண்பதுகளின் கடைசியில் மழை பொய்த்த ஒரு வருஷம், பஞ்சு சீவும் மெஷினில் வேலை பார்த்த வயதான மனிதர் ஒருவரின் வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. மெஷின் ஓடும்போது கையை விட்டது அவர் தப்பு என்று சொல்லி நிர்வாகம் அவரை வேலையை விட்டு நிறுத்தியது. சங்கம் வேலைநிறுத்தம் அறிவித்தது. மில் வாசலுக்கு எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்தோம்.

முதல் நாள் காலையில் அக்கா பந்தலில் முழங்காலில் நின்று, கை போனவருக்காகச் சத்தமாக ஜெபம் செய்தாள். சிலர் தலை குனிந்தார்கள். சிலர் சிரித்தார்கள். செயலாளர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தோழர், இங்கன எல்லாச் சாமி கும்புடுறவனும் இருக்கான், கும்புடாதவனும் இருக்கான். ஜெபத்தையெல்லாம் கோயிலோட வச்சுக்கங்க."

அக்கா சரியென்று தலையாட்டினாள். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது என்றுதான் என்னிடமும் சொன்னாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனையில் ஜெபக் குறிப்புகளைச் சொல்லும் நேரத்தில் எழுந்து நின்றாள். யாருக்குக் காய்ச்சல், யாருக்குப் பரீட்சை என்று சபையார் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. அக்கா கை போனவரைச் சொன்னாள். பந்தலில் அரைவயிற்றோடு உட்கார்ந்திருக்கிறவர்களைச் சொன்னாள். அதோடு நிறுத்தவில்லை.

"மேனேஜர் ஐயாவுக்காகவும் ஜெபிக்கணும். அவுக மனசுலயும் நிம்மதி இருக்காது."

மேனேஜர் எழுந்துவிட்டார். "கோயிலுக்குள்ள அரசியல் பண்ண வேண்டாம்மா" என்றார். குரல் உயரவில்லை. போதகர் அவசரமாகப் பாட்டு எண்ணைச் சொன்னார். அக்காதான் எடுத்துக் கொடுக்க வேண்டும். எடுத்தாள். பாதிப் பேர் கூடப் பாடவில்லை.

மறுநாள் இந்தச் செய்தி பந்தலுக்கு வந்துவிட்டது. மேனேஜருக்கு ஜெபமா என்று கேட்டார்கள். நேற்றுவரை அவளோடு ஒரே தூக்குவாளியில் கஞ்சி குடித்தவர்கள் கேட்டார்கள்.

இரண்டாவது மாதத்தில் நிர்வாகம் வெளியாட்களை இறக்கியது. எம்.ரெட்டியபட்டி, திருச்சுழிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வேனில் கூட்டிவந்தார்கள். பருத்தி காய்ந்து, கூலி வேலையும் இல்லாமல் கிடந்த சனங்கள். முக்கால்வாசிப் பேர் பெண்கள். சங்கத்தில் அவர்களைக் கருங்காலிகள் என்று சொன்னார்கள். அக்கா அந்தச் சொல்லை ஒருநாளும் சொன்னதில்லை. "வேலைக்கு வந்தவுக" என்றுதான் சொல்வாள்.

ஒரு காலை, வேன் வாசலில் திரும்பும்போது கூட்டம் மறித்தது. கூச்சல். நான் பந்தலுக்குப் பின்னால் தண்ணீர்க் குடத்தை இறக்கிக்கொண்டிருந்தேன். கண்ணாடி உடைகிற சத்தமும் ஒரு பெண்ணின் அலறலும் கேட்டன. நான் ஓடி வந்தபோது வேனின் ஜன்னலோரம் ஒருத்தி முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தாள். விரல்களுக்கிடையே ரத்தம் வழிந்தது. அக்கா கூட்டத்தின் நடுவில் அசையாமல் நின்றாள். அவள் வேனைப் பார்க்கவில்லை. பக்கவாட்டில் வேறு யாரையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் அக்காவைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். நானும் கூடப் போனேன். இன்ஸ்பெக்டருக்குப் பக்கத்தில் மேனேஜர் உட்கார்ந்திருந்தார்.

"கல்லெறிஞ்சவனப் பாத்தியா?"

"பாத்தேன்."

நான் திடுக்கிட்டேன். பந்தலில் இருந்த அத்தனை பேரும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்கள்.

"யாரு?"

"சொல்ல மாட்டேன்."

இன்ஸ்பெக்டர் மேஜையில் அடித்தார். மேனேஜர் அவரைக் கையமர்த்திவிட்டு, "ஏம்மா, நீ சபைப் பிள்ளை. உண்மையச் சொல்லு. ஒனக்கும் ஒன் தங்கச்சிக்கும் வேலை போகாம நான் பாத்துக்கிறேன்" என்றார். அவர் அதை மனதாரச் சொன்னதாகத்தான் இப்போதும் நினைக்கிறேன்.

"உண்மையத்தான் சொன்னேங்கய்யா. பாத்தேன். பேரு மட்டும் எங்கிட்ட கேக்காதீக."

வெளியே வந்ததும் எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

"பேரைச் சொல்லாதவ, பாக்கலைன்னு சொல்லிட்டு வர வேண்டியதுதான?"

"பாத்தேனே, புள்ள."

"அப்பப் பேரைச் சொல்ல வேண்டியதுதான?"

"அவனை மட்டுமா புடிப்பாக? பந்தல்ல இருந்த அம்புட்டுப் பேரையும் உள்ள தூக்கிப் போட்டு, கையி போனவரு கேஸையும் மூடிருவாக."

அவள் சொன்னது நடக்கக்கூடியதுதான். ஆனால் பார்த்தும் பேரைச் சொல்லாமல் அவள் மறைத்ததால், கல் பந்தலிலிருந்துதான் வந்தது என்பது உறுதியாகிவிட்டது. வெளியிலிருந்து வந்த யாரோ எறிந்தான் என்று சங்கம் சொல்லிக்கொண்டிருந்த கதை அன்றோடு உடைந்தது. மறுநாள் செயலாளர் கூட்டம் போட்டார்.

"காட்டிக் குடுத்துட்டீகளே, தோழர்."

"நான் யாரையும் காட்டிக் குடுக்கலண்ணே. எறிஞ்ச ஆளு ஆஸ்பத்திரிக்குப் போயி அந்தப் பொம்பள கால்ல விழணும். அதைத்தான் சங்கத்துக்கிட்ட கேக்குறேன்."

"கருங்காலி கால்லயா?" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். அன்றே அவளைச் சங்கத்தை விட்டு நீக்கினார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை சபை கமிட்டியும் கூடியது. குற்றவாளியை மறைக்கிறவளுக்குத் திருவிருந்து கொடுப்பதில்லை என்று தீர்மானித்தார்கள். எல்லோரும் அப்பத்துக்கும் திராட்சை ரசத்துக்கும் வரிசையாக எழுந்து போனபோது அவள் மட்டும் பாயில் உட்கார்ந்திருந்தாள். நானும் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நீ போ" என்று முழங்கையால் இடித்தாள். நான் போகவில்லை.

அடிபட்டவளை மதுரை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். ஒரு கண் போய்விட்டது என்று கேள்விப்பட்டோம். ரொட்டியும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு இருவரும் பஸ் ஏறினோம். எம்.ரெட்டியபட்டிக்காரி. அக்காவின் வயதுதான் இருக்கும். தலையில் பாதியைக் கட்டுப் போட்டு மறைத்திருந்தார்கள். தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தாள். நாங்கள் யார் என்று அக்கா மறைக்காமல் சொன்னாள்.

அவள் எங்களை விரட்டவில்லை. "மழை இல்லக்கா. வேன்ல ஏத்திட்டு வந்தாக, வந்தோம். ஒங்க சண்டை என்னன்னுகூட எங்களுக்குத் தெரியாது" என்றாள். பிறகு கேட்டாள்.

"எறிஞ்சவன் யாருன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"யாருன்னு சொல்லுங்க. நான் போலீசுக்குப் போகல. எனக்குத் தெரியணும், அம்புட்டுத்தான்."

மேனேஜரிடமும் இன்ஸ்பெக்டரிடமும் அக்கா சட்டென்று சொன்ன பதில் இங்கே வாயில் வரவில்லை. "அவனையே ஒங்க முன்னால கூட்டியாந்து நிறுத்துறேன். அவன் வாயாலயே கேட்டுக்கங்க" என்றாள்.

அந்தப் பெண் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஆரஞ்சுப் பையைத் தலைமாட்டில் வைத்துவிட்டு வந்தோம்.

அக்கா எறிந்தவன் வீட்டுக்குத் தனியாகப் போனாள். வந்து என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: அவனுக்குச் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவன் அழுதான், அடுத்த வாரம் மதுரைக்கு வருவதாக ஒத்துக்கொண்டான். அன்று இரவு அவள் நன்றாகச் சாப்பிட்டாள். ஆனால் அடுத்த வாரத்துக்குள் வேலைநிறுத்தம் முறிந்துவிட்டது. சங்கத்துக்குள்ளேயே இரண்டு கோஷ்டியாகிப் பாதிப் பேர் நிர்வாகத்தின் நிபந்தனைகளுக்குக் கையெழுத்துப் போட்டு உள்ளே போனார்கள். மீதிப் பேர் திருப்பூருக்குப் பஸ் ஏறினார்கள். அவனும் அவர்களோடு போய்விட்டதாக அக்கா சொன்னாள். சங்கம் அனுப்பியதா, அவனாகவே போனானா என்று தெரியவில்லை. அக்கா திருப்பூரில் இரண்டு முறை தேடிவிட்டுத் திரும்பினாள். கை போன மனிதருக்கும் எதுவும் கிடைக்கவில்லை. அவர் மார்க்கெட் பக்கம் ஒற்றைக் கையோடு சாக்கை விரித்துக் காய்கறி விற்றுக்கொண்டிருப்பார். அக்காவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

எங்கள் இருவருக்கும் வேலை போனது. நான் டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் சேர்ந்தேன். அக்கா வாரத்தில் ஒருநாள் எம்.ரெட்டியபட்டிக்குப் போக ஆரம்பித்தாள். கண் போனவளின் வீட்டுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். மாட்டுச் சாணி அள்ளினாள். பருத்தி வெடித்த காலத்தில் அவளுக்குப் பக்கத்து நிரையில் குனிந்து பஞ்செடுத்தாள். நானும் சில தடவை போயிருக்கிறேன். அந்தப் பெண் அக்காவைத் தடுக்கவுமில்லை, பேசவுமில்லை. குடத்தை வாங்கிக்கொள்வாள். மோர் கொடுப்பாள். ஒற்றைக் கண்ணால் ஒருதரம் பார்ப்பாள். இன்றாவது பேரைச் சொல்ல மாட்டாளா என்று அவள் காத்திருந்ததாக எனக்குத் தோன்றும்.

இரண்டு மூன்று வருஷம் இப்படிப் போனது. தொண்ணூறுகளில் ஊர்களில் காற்று மாறிவிட்டது. எங்கே போனாலும் நீ எந்தச் சாதி, எந்தக் கட்சி, எந்த மதம் என்ற கேள்வி முதலில் வந்தது. ஒருநாள் அந்தப் பெண்ணின் புருஷன் வாசலிலேயே எங்களை நிறுத்தினான். ஊரில் பேசுகிறார்கள் என்றான்.

"நீங்க கட்சிக்காரன் அனுப்பி வந்த ஆளா, மதம் மாத்த வந்த ஆளா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"ரெண்டும் இல்லப்பா. சும்மா வாரேன்."

"சும்மா எவளாச்சும் வாரத்துக்கு வாரம் வந்து சாணி அள்ளுவாளா? நீங்க வராதீக. எங்களுக்குப் பொல்லாப்பு."

அந்தப் பெண் உள்ளே அடுப்பில் ஊதிக்கொண்டிருந்தாள். வெளியே வரவில்லை. பஸ்ஸுக்காக ரோட்டோரம் ஒரு கருவேல நிழலில் நின்றோம். அக்கா இருமிக்கொண்டே இருந்தாள்.

அதற்குப் பிறகு அக்கா கோயிலில் பாடவில்லை. மூச்சு போதவில்லை என்றாள். நெஞ்சில் பஞ்சு இறங்கியிருக்கிறது என்று டாக்டரும் சொன்னார். ஆனால் அது மட்டும் காரணம் இல்லை. சபைக்குப் புதிதாக வந்த போதகர் இரக்கமுள்ளவர். பழைய தீர்மானம் அவருக்கு உறுத்தலாக இருந்தது. வீட்டுக்கு வந்து, "சபை முன்னால ஒரு வார்த்தை வருத்தம் சொல்லிருங்கம்மா. அன்னைக்கே திருவிருந்து குடுத்துருவோம்" என்றார்.

"வருத்தம் நெறைய இருக்குங்கய்யா. அந்தப் புள்ளைக்குக் குடுத்த வாக்க நான் காப்பாத்தல. அதைச் சொல்லட்டுமா?"

"அது இல்லம்மா. மறைச்சதுக்கு..."

"அதுக்கு எனக்கு வருத்தம் வரமாட்டேங்குதே."

அவர் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அவர் போன பிறகு, "ஒனக்கு என்னக்கா வேணும்? ஏன் எல்லாத்தையும் இப்படிச் சிக்கலாக்கிக்கிற?" என்று கேட்டேன். அவள் கோபப்படவில்லை.

"ஆண்டவரு ரெண்டு பக்கத்துச் சனத்துக்கும் நடுவுல எங்கிட்டாச்சும் நிப்பாருன்னு நெனச்சேன், புள்ள. அங்கன போயி நின்னு பாத்தேன். யாரையும் காணோம்."

இதை அழாமல், உப்புப் போட்டாயா என்று கேட்பதுபோலச் சொன்னாள். அன்றிலிருந்து எனக்கும் ஜெபிக்க உட்கார்ந்தால் 'யாரையும் காணோம்' என்ற அந்தச் சொல்தான் முதலில் வருகிறது.

தொண்ணூறுகளின் பின்பாதியில், ஒரு கோடையில் அக்கா இறந்தாள். புதிய போதகர் அடக்க ஆராதனையைக் குறைவில்லாமல் நடத்தினார். மேனேஜர் வந்து பின்னால் நின்றார். பழைய சங்கத்து ஆட்கள் இரண்டொருவர் வந்து கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே சைக்கிளோடு நின்றுவிட்டுப் போனார்கள். அதற்குள் மில்லும் மூடிக் கிடந்தது. மேனேஜருக்கும் வேலை போயிருந்தது.

அடுத்த வருஷம் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் எம்.ரெட்டியபட்டிக்காரியைப் பார்த்தேன். வயதுக்கு வந்த மகளோடு நின்றிருந்தாள். என்னை அடையாளம் தெரிந்துகொண்டாள். அக்கா போய்விட்டதைச் சொன்னேன். அவள் முகம் கொஞ்சம் அசைந்தது. சேலைத் தலைப்பால் நல்ல கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்ல பொம்பள" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "சாகுறப்பவாச்சும் ஒங்ககிட்ட அந்தப் பேரைச் சொன்னாகளா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"நெசமாவா?"

"நெசமா."

அவள் நம்பவில்லை என்பது தெரிந்தது. நம்பாததற்கு அவளுக்குக் காரணம் உண்டு. நான் சத்தியம் செய்யலாமா என்று யோசிப்பதற்குள் அவர்கள் ஏற வேண்டிய நரிக்குடி பஸ் வந்துவிட்டது. மகள் முன்னால் ஏறி அம்மாவின் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். கண் இல்லாத பக்கம் ஜன்னலோரமாக இருக்கும்படி அவள் உட்கார்ந்தாள். பஸ் கிளம்பிப் போனது.