குருவுக்கு நான் வைத்த மஞ்சள் தாள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். என் மகளின் மாமியார் வீட்டார் மனம் நோகுமே என்று ஒரு பயம். குரு பகவானைக் குறைத்துப் பேசியதாகிவிடுமோ என்று இன்னொரு பயம். நான் எட்டாவது வரைதான் படித்தவள். தெரிந்த மாதிரி சொல்கிறேன்.

தொண்ணூறுகளில் மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். மகள் பி.எஸ்ஸி. இயற்பியல் கடைசி வருஷம். ஒரு நாள் கல்லூரியிலிருந்து வியாழன் கிரகத்தின் படம் கொண்டுவந்தாள். விண்வெளியில் சுற்றும் தொலைநோக்கி எடுத்ததாம். நீல உருண்டை; தலையில் வெள்ளையாக ஓர் ஒளி வளையம், காலடியிலும் ஒன்று.

“துருவத்துல எப்பவும் இந்த வெளிச்சம் இருக்கும்மா. நம்ம கண்ணுக்குத் தெரியாத ஒளி. காத்து மண்டலத்தைத் தாண்டிப் போய்ப் பார்த்தாத்தான் பிடிபடும்” என்றாள்.

எனக்கு அது கிரீடமாகத்தான் தெரிந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஆனால் நீலம் சனிக்கு உரியது, குருவுக்கு மஞ்சள் அல்லவா? சட்டம் போடும் கடையில், படத்தின் மேல் மஞ்சள் கண்ணாடித்தாள் வைக்கச் சொன்னேன். உருண்டை பச்சையானது, வளையம் பொன்னானது. பூஜை அலமாரியில் வைத்துக் கொண்டைக்கடலை மாலை சாற்றினேன்.

அந்த வருஷமே கே.கே. நகரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மகளுக்கு எம்.எஸ்ஸி.யில் இடம் கிடைத்திருந்தது. “ரெண்டு வருஷம் பொறுக்கச் சொல்லும்மா” என்று கேட்டிருந்தாள். நானும் தலையாட்டியிருந்தேன்.

பிள்ளையின் அம்மா படத்தின் முன்னால் நின்றுவிட்டார். “இன்னாங்க இது, தலையில தங்கமா மின்னுது?”

“குரு பகவானுங்க. வானத்துலேர்ந்தே எடுத்த போட்டோ. எம் பொண்ணுக்குக் குருபலம் வந்த வாரம் கிரீடத்தோட காட்சி குடுத்தாரு.”

வாய் தவறி வந்ததல்ல. அவர் முகம் மலர்வதைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

“அப்புறம் இன்னாத்துக்கு ரோசனை? சாமியே சரின்னுட்டாரு. தையிலயே முடிச்சிடலாம்” என்றார். இரண்டு வருஷம் என்ற பேச்சை எடுக்க எனக்கு நா எழவில்லை.

அவர்கள் போனதும் மகள் அடுக்களைக்கு வந்தாள். “அது நீ வெச்ச மஞ்சத்தாள்னு போய்ச் சொல்லும்மா.”

“சாமி பேர்ல பொய் சொன்னவன்னு ஆயிடுவேண்டி.”

“அதுக்கு நான் போய் மாட்டிக்கணுமா?”

நான் குழம்பைக் கிளறினேன். அந்த வாரமே சேதி கேள்விப்பட்டு, சந்துக்காரர்கள் படத்தைக் கும்பிடப் பூவோடு வந்துவிட்டார்கள். ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னேன். சொல்லச் சொல்ல, திரும்பி வர வழியில்லாமல் போனது.

தையில் கல்யாணம் முடிந்தது. எம்.எஸ்ஸி. அதோடு போனது. சம்பந்தியம்மா கேட்டு வாங்கியதால் படமும் மகளோடு போனது. மருமகன் நல்ல மனுஷர், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வியாழக்கிழமைதோறும் அதற்கு விளக்கேற்றுவது அவள்தான். வருகிறவர்களிடம் சம்பந்தியம்மா, எங்கள் வீடே பொன்னாக ஜொலித்ததென்றும், கிரீடம் கண்ணெதிரே முளைத்ததென்றும் சொல்வார். என் மானத்துக்காக அவள் கைகூப்பியபடி வாய் திறக்காமல் நிற்பாள். நான் அங்கே போனால் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை.

அந்த ஒளியை அங்கே வைத்தவர் பகவான்தான். அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. அவருக்கு என் தாள் தேவைப்பட்டிருக்காது.

இதைப் படிப்பவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஒன்றைக் கூட்டவும் வேண்டாம், எனக்காகக் குறைக்கவும் வேண்டாம். அவள் இரண்டு வருஷம்தான் கேட்டாள் என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.